பழைய ஜப்பான் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்து வாங்குவதும் சேலத்து வெயிலுக்குப் பழக்குவதும்

நாற்பது, ஐம்பது வயதான ஜப்பான் கிட்டார் ஒன்று கைக்கு வந்தால், முதல் வேலையாக அதை ஆம்ப்ளிஃபயரில் செருகிவிடாதீர்கள். மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு, கிட்டாரை மடியில் வைத்து, அதன் மேல்கொம்பு தாடையில் படும்படி சற்றுக் குனிந்து, மிகத் தடித்த ஆறாம் தந்தியை ஒருமுறை மீட்டுங்கள். நல்ல கிட்டாராக இருந்தால் அந்த அதிர்வு தாடை எலும்பு வழியாகப் பற்கள் வரை வந்து சேரும். ஒலி எப்படி எழுகிறது என்பதைவிட எப்படி அடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். அது சீராகத் தேய்ந்து மறைய வேண்டும். பாதி வழியில் பட்டென்று விழுந்துவிடக் கூடாது. பிறகு ஆறு தந்திகளையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை ஒவ்வொன்றிலும், அழுத்தி மீட்டிப் பாருங்கள். ஸ்க்ரூ போட்டு நெக் (கழுத்து) இணைக்கப்பட்ட கிட்டார்களில், மூன்றாம் தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கும் ஏழாம் ஃப்ரெட்டுக்கும் இடையே ஏதேனும் ஒரு சுரம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் சோர்ந்துவிடுவது உண்டு. அது அந்த வகைக்கே உள்ள இயல்பு. மூன்று நான்கு இடங்களில் அப்படிச் சோர்ந்தால்தான் நெக் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்தச் சோதனையை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இவ்வகைக் கிட்டார்கள் பெரும்பாலும் நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் எழுதியுள்ள பெயரைக் காட்டியே விலை பேசப்படுகின்றன. அந்தப் பெயர் சொல்வது குறைவு. நெக் உடலோடு பொருந்தும் இடத்திலும், தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் பிக்கப்புக்கு அடியில் உள்ள குழியிலும், ஃப்ரெட்டின் ஓரங்களிலும், அதாவது கடைக்காரரின் புகைப்படத்தில் வராத இடங்களில் தச்சர்கள் செய்து வைத்துள்ள வேலைக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

எந்தத் தொழிற்சாலை என்று அறிவது

ஜப்பானின் கிட்டார்த் தொழில் சில ஊர்களுக்குள் அடங்கியது. நாகனோ மாநிலத்தில், சுற்றிலும் உயர்ந்த மலைகள் நிற்க, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் மாட்சுமோட்டோ என்ற நகரம் இருக்கிறது. 1960-இல் தொடங்கிய ஃபூஜிகென் நிறுவனமும், சிங்கர் தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்துவந்த மாட்சுமோகு நிறுவனமும் அந்த ஊரைச் சேர்ந்தவை. நம் பாட்டிமார் வீட்டுச் சிங்கர் மெஷினின் மரப்பெட்டியைத் திறந்து மூடியவர்களுக்கு, அத்தகைய பெட்டி செய்த கைகள் கிட்டாருக்கு வந்தபோது மூட்டுகள் எவ்வளவு இறுக்கமாக அமைந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கடலோர நகரமான ஹமமாட்சு மற்றொரு மையம். தோரகுசு யமஹா 1887-இல் ஒரு பள்ளியின் ஆர்கனைப் பழுதுபார்த்ததிலிருந்து வளர்ந்த யமஹா நிறுவனத்தோடு, கவாய், டோக்காய் ஆகியவையும் அங்கேதான் இருந்தன.

இவற்றை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், பெயரும் தொழிற்சாலையும் வேறு வேறு என்பதால்தான். நகோயாவைச் சேர்ந்த ஹோஷினோ காக்கி ஐபனேஸ் என்ற பெயரில் விற்றதும், காண்டா ஷோகாய் கிரெக்கோ என்ற பெயரில் உள்நாட்டில் விற்றதும், 1970-களின் பிற்பகுதியில் பெரும்பாலும் ஒரே ஃபூஜிகென் கூரையின் கீழ் பிறந்தவை. ஏரியா, வெஸ்டோன் ஆகியவற்றையும், 1970-களின் எபிஃபோன் கிட்டார்களில் பலவற்றையும் மாட்சுமோகு செய்தது. அந்தத் தொழிற்சாலை 1987-இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே கிரெக்கோ என்ற பெயரைக் கேள்விப்படாததால் ஒருவர் விலையைக் குறைத்துச் சொன்னால், அது வாங்குபவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

விற்பவர்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஒரு சொல்லைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ‘லாசூட் கிட்டார்’, அதாவது அமெரிக்கக் கிட்டாரை நகலெடுத்ததற்காக வழக்குக்கு உள்ளான கிட்டார், என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சனின் உரிமையாளரான நார்லின் நிறுவனம் 1977-இல் வழக்குத் தொடர்ந்தது உண்மைதான். ஆனால் அது ஐபனேஸின் அமெரிக்க விற்பனை நிறுவனத்தின் மீது, ஹெட்ஸ்டாக்கின் வடிவம் பற்றித் தொடரப்பட்ட ஒரே வழக்கு. நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. ஐபனேஸ் அதற்கு முன்பே தன் ஹெட்ஸ்டாக்கை மாற்றத் தொடங்கியிருந்தது. அக்காலத்து ஜப்பான் கிட்டார்கள் அனைத்துக்கும் அந்தச் சொல்லை ஒட்டுவது வியாபாரப் பேச்சு. 1982-இல் மற்றோர் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான ஃபெண்டரே காண்டா ஷோகாய், யமானோ காக்கி ஆகியவற்றோடு கூட்டுச் சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கி, ஃபூஜிகென்னில் கிட்டார் செய்ய வைத்தது. கள்ளச்சாவி செய்தவனின் கைத்திறனைப் பார்த்து, பூட்டுக்கடைக்காரர் அவனையே வேலைக்கு வைத்துக்கொண்ட கதைதான். ‘ஜேவி’ என்று தொடங்கும் எண் கொண்டவை அந்த முதல் வரிசை.

ஐபனேஸ் கிட்டாரில் 1975-இன் பிற்பகுதியிலிருந்து ஆங்கில எழுத்து ஒன்றும் அதைத் தொடர்ந்து எண்களும் இருக்கும். ‘ஏ’ என்றால் ஜனவரி, ‘எல்’ என்றால் டிசம்பர்; அடுத்த இரண்டு எண்கள் ஆண்டு. ‘ஹெச்78’ என்று தொடங்கினால் 1978 ஆகஸ்ட். எண்ணே இல்லாத நல்ல கிட்டார்களும் நிறைய உண்டு. அதற்காகப் போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.

திறந்து பார்ப்பது

அடுத்தது திருப்புளி வேலை. ஜப்பான் கிட்டாரின் ஸ்க்ரூத் தலையில் உள்ள கூட்டல் குறி நாம் வழக்கமாகக் காணும் ஃபிலிப்ஸ் வகை அல்ல; அது ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானியத் தரம். ஃபிலிப்ஸ் முனை அதன் அடிவரை இறங்காமல் மேலேயே நின்று, அழுத்தித் திருப்பும்போது வழுக்கி, தலையைத் தின்றுவிடும். இரண்டு ஸ்க்ரூக்களை அப்படிக் கெடுத்த பிறகு, சூரமங்கலத்தில் பழைய ஆர்எக்ஸ் 100 வண்டிகளையே பார்த்துவரும் ஒரு மெக்கானிக்கிடம் கிட்டாரையே தூக்கிக்கொண்டு போனேன். அவர் கைத்துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, ஸ்க்ரூத் தலையில் நகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “இது நம்ம வண்டி ஸ்க்ரூதாங்க அண்ணா, சாதா டிரைவரைப் போட்டா தலை போயிரும்” என்று சொல்லி, தன் பெட்டியிலிருந்து எடுத்த திருப்புளியால் நான்கையும் சத்தமில்லாமல் கழற்றிக் கொடுத்தார். அந்த வண்டியின் டேங்கில் இருக்கும் மூன்று சுருதிக்கவைகளும் யமஹா கிட்டாரில் இருக்கும் மூன்று சுருதிக்கவைகளும் ஒன்றே என்று நான் சொன்னபோது அவர் பெரிதாக வியக்கவில்லை. ஜேஐஎஸ் திருப்புளி ஒரு தொகுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை அனைத்தும் மில்லிமீட்டர் அளவுகள் என்பதால், அலன் கீ, மூன்று மில்லிமீட்டர் ஸ்க்ரூ போன்றவை நம் ஹார்டுவேர் கடைகளிலேயே கிடைக்கும். அமெரிக்கக் கிட்டார் வைத்திருப்பவருக்கு இந்த வசதி இல்லை.

தந்திகளை முழுவதும் தளர்த்திய பிறகே நெக்கைக் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு முன், நெக்குக்கும் உடலுக்கும் இடையே பக்கவாட்டில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். கார்டு நுழையாவிட்டால் இணைப்பு நன்றாக இருக்கிறது. இரண்டு கார்டுகள் தாராளமாக நுழைந்தால் தச்சர் அவசரப்பட்டிருக்கிறார், அல்லது அது வேறு கிட்டாரின் நெக். கழற்றிய பின், நெக்கின் அடியில் முத்திரையோ பென்சில் எழுத்தோ இருக்கக் கூடும். ஈரத்துணியால் துடைத்து அழித்துவிடாதீர்கள். காகிதத் துண்டோ மெல்லிய மரச்சீவலோ உள்ளே இருந்தால் அது குப்பை அல்ல. நெக்கின் சாய்வைச் சரிசெய்ய வைத்த அண்டைக்கொடுப்பு அது. எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே திரும்ப வையுங்கள்.

பிக்கப்பைத் தூக்கிப் பார்த்தால் குழியின் சுவரில் மரம் தெரியும். அடுக்கடுக்காகக் கோடுகள் தெரிந்தால் அது பிளைவுட். 1970-களின் தொடக்கத்தில் விலை குறைந்த கிட்டார்களில் அது சாதாரணம். மேலே அழகான மரத்தாள் ஒட்டியிருப்பதால் வெளியிலிருந்து தெரியாது. ஒரே மரமாகத் தெரிந்தால் அது சென், பாஸ்வுட், மகோகனி ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். சென் என்பது ஜப்பானில் ஆஷ் மரத்துக்கு மாற்றாகப் பயன்பட்டது. ரேகைகள் ஆஷைப் போலவே பெரிதாக ஓடும், எடை குறைவு. உடல் இரண்டு மூன்று துண்டுகளால் ஆனது என்பதற்காக முகம் சுளிக்க வேண்டாம். ரேகை பார்த்து ஒட்டப்பட்ட மூன்று துண்டுகள், ஈரம் காயாத ஒரே துண்டைவிட நம் ஊரில் நன்றாகத் தாங்கும். வெளிப்பூச்சு பெரும்பாலும் கெட்டியான பாலியெஸ்டர். அதைச் சுரண்டிவிட்டுப் புதுப்பூச்சு அடித்தால் ஒலி திறக்கும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

நெக்கும் ஃப்ரெட்டும்

நெக்கை முகத்துக்கு நேரே பிடித்து, துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல் ஹெட்ஸ்டாக்கிலிருந்து உடலை நோக்கிப் பாருங்கள். ஃப்ரெட் போர்டின் இரு விளிம்புகளும் ஒன்றுபோல் வளைந்தால், நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடு அதைச் சரிசெய்துவிடும். ஒரு விளிம்பு ஏறி மறு விளிம்பு இறங்கினால் நெக் முறுக்கிக்கொண்டது என்று பொருள்; எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். யமஹா எஸ்ஜி-2000, ஏரியா புரோ டூ வரிசையின் உயர்ந்த மாடல்கள் போன்றவற்றில் நெக் பல மரப்பட்டைகளை ஒட்டிச் செய்யப்பட்டிருக்கும். இவை முறுக்கிக்கொள்வது அரிது. 1976-இல் வந்த எஸ்ஜி-2000-இல் நெக் மரம் உடலின் கடைசி வரை ஒரே ஓட்டமாகச் செல்கிறது. உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் பித்தளைக் கட்டி ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. கிட்டார் கலைஞர் கார்லோஸ் சந்தானா கையில் அந்தக் கிட்டார் நீண்டு ஒலித்ததற்கு அவர் விரல்கள் முதற்காரணம் என்றாலும், அந்தப் பித்தளைக்கும் பங்கு உண்டு.

ட்ரஸ் ராடு வேலை செய்கிறதா என்று வாங்குமுன் உறுதி செய்வது கட்டாயம். அந்தக் கம்பியின் முனையில் உள்ள நட்டை முதலில் இடப்பக்கம் சிறிது தளர்த்தி, பிறகு வலப்பக்கம் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். இறுக்கும்போது நெக் நேராக வேண்டும். ஏற்கெனவே கடைசி வரை இறுக்கப்பட்டிருந்து, இன்னும் நெக் குழிந்தே இருந்தால், அந்தக் கிட்டாரின் ஆயுள் நம் கையில் இல்லை.

ஃப்ரெட்டைப் பற்றிப் பேச சேலம் பொருத்தமான ஊர். ஃப்ரெட்டின் உலோகத்தை நிக்கல் சில்வர் என்பார்கள். செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த அதில் வெள்ளி ஒரு குன்றிமணி கூட இல்லை. விசேஷ வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுக்கும் ஜெர்மன் சில்வர் கிண்ணமும் அதே குடும்பம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் ஒரு பெரியவரிடம் ஒருமுறை என் கிட்டாரைக் காட்டினேன். அவர் தந்திகளைப் பார்க்கவே இல்லை. கட்டை விரலை ஃப்ரெட் போர்டின் விளிம்பில் வைத்து, ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து உடல் வரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, “அரம் போட்டவன் அவசரப்படல தம்பி” என்றார். கொலுசின் ஓரம் கணுக்காலைக் கிழிக்கக் கூடாது என்று நாற்பது ஆண்டுகள் பழகிய விரல் அது. அன்றிலிருந்து நானும் அப்படித்தான் சோதிக்கிறேன். நல்ல ஃபூஜிகென் வேலைப்பாட்டில் ஒவ்வொரு ஃப்ரெட்டின் முனையும் உருட்டி விடப்பட்டிருக்கும். விரல் எங்கும் இடறாது.

தேய்மானத்தைப் பார்க்க முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில், முதல் இரண்டு தந்திகளுக்கு அடியில் விளக்கொளியைச் சாய்த்துப் பாருங்கள். சிறு பள்ளங்கள் இருப்பது இயல்பு. தந்தியை வளைக்கும்போது பள்ளத்தில் ஏறி இறங்குவது விரலுக்குத் தெரிந்தால் ஃப்ரெட்டுகளை மட்டப்படுத்த வேண்டும். அதற்கும் உயரம் மிஞ்சவில்லை என்றால் புதிய ஃப்ரெட் போட வேண்டியிருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

ஃப்ரெட் போர்டு கருஞ்சிவப்பாக இருந்தால் அது ஈட்டி மரமாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் அதே இனம் கப்பலேறி ஜப்பானுக்குப் போய், கிட்டாராகத் திரும்புகிறது. ஜப்பானிலிருந்து நேரடியாக வரவழைப்பவர்கள் மர வகையை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஈட்டி மரம் கொண்ட முடிந்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் விலக்களித்திருக்கிறது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு 1992 முதல் இருந்துவரும் கடுமையான கட்டுப்பாடு இன்னும் நீங்கவில்லை. ஃப்ரெட் போர்டைத் துடைக்கத் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ வேண்டாம். சில வாரங்களில் பிசுக்காகி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். மணமில்லாத மினரல் ஆயில் நான்கு சொட்டு, அதுவும் ஆண்டுக்கு இருமுறை போதும். வார்னிஷ் பூசிய மேப்பிள் போர்டுக்கு அதுவும் தேவையில்லை.

பிக்கப்: கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

இந்த இடத்தில் என் தவற்றைச் சொல்லியாக வேண்டும். நான் வாங்கிய முதல் ஜப்பான் கிட்டாரை வேறு ஊர்க் கடை ஒன்று, பிக்கப் போய்விட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லி விற்றது. கரகரவென்ற இரைச்சலும் இடையிடையே ஒலி அறுந்துபோவதும் கேட்டு நானும் நம்பினேன். புதிய பிக்கப் இரண்டு வாங்கிப் பொருத்தினேன். பழையவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்தேன். இரைச்சல் போகவில்லை. கடைசியில் குற்றவாளி, அழுக்கேறிய மூன்று வழி ஸ்விட்ச். அதைச் சுத்தம் செய்யப் பத்து நிமிடம் பிடித்தது. பழைய பிக்கப்பைத் திரும்பப் போடலாம் என்று பரணில் ஏறியபோது, அந்த ஆண்டு போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தவர்கள் டப்பாவைப் பழைய இரும்போடு கொடுத்தனுப்பியிருந்தார்கள். அவை மேக்சான் என்ற பெயரில் நிஷின் ஒன்பா நிறுவனம் செய்த பிக்கப்புகள். இன்று அவற்றுக்காகவே தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே மல்டிமீட்டரை எடுங்கள். கிட்டாரில் கேபிளைச் செருகி, வால்யூம், டோன் இரண்டையும் முழுவதும் திறந்து, மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, கேபிளின் மறுமுனையில் ஒரு கம்பியை நுனியிலும் மற்றதை அடிப்பகுதியிலும் தொடுங்கள். ஸ்விட்சை மாற்றி ஒவ்வொரு பிக்கப்பையும் தனித்தனியாகப் பாருங்கள். இரட்டைச் சுருள் பிக்கப் என்றால் 7 முதல் 8.5 கிலோ ஓம், ஒற்றைச் சுருள் என்றால் 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை காட்டினால் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். வால்யூம் பாட், அதாவது குமிழைத் திருப்பினால் அளவு மாறும் மின்தடை, இணையாக இருப்பதால் அளவு சற்றுக் குறைத்தே காட்டும். 8 கிலோ ஓம் பிக்கப், 500 கிலோ ஓம் பாட்டோடு சேர்ந்து 7.87 என்று காட்டும். மீட்டர் எண்ணே காட்டாமல் நின்றால் சுருள் அறுந்திருக்கலாம். பூஜ்யத்தைக் காட்டினால் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் முதலில் சால்டர் இணைப்புகளையும் ஜாக்கையும் பார்த்துவிட்டுத்தான் பிக்கப்பைக் குறை சொல்ல வேண்டும்.

கரகரப்புக்கு கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை வால்யூம் பாட்டின் சந்தில் ஒரு நொடி அடித்து, குமிழை முப்பது முறை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். சைக்கிள் செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரே வேண்டாம். அது தூசியைச் சேர்த்துக்கொள்ளும். பாட்டை மாற்றியே தீர வேண்டும் என்றால் மில்லிமீட்டர் அளவிலான ஜப்பான் வகையையே தேடுங்கள். அமெரிக்கப் பாட்டின் கழுத்து பருமனாக இருப்பதால் கிட்டாரின் துளையைப் பெரிதாக்க வேண்டி வரும்; அதன் குமிழும் பழைய குமிழோடு பொருந்தாது.

அளவுகளும் ஒலியும்

செட்டப் செய்யும்போது வரிசை மாறக் கூடாது. முதலில் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கனத்தில் புதிய தந்திகளைப் போட்டுச் சரியான சுருதியில் நிறுத்துங்கள். ஆறாம் தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்திக்கொண்டு, ஏழாம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) அளந்தால் 0.2 முதல் 0.25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் மோட்டார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். அது சரியான பிறகே பிரிட்ஜின் உயரத்தைத் தொட வேண்டும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் முதல் தந்திக்கு 1.5 மில்லிமீட்டரும் ஆறாம் தந்திக்கு 2 மில்லிமீட்டரும் நல்ல தொடக்கம். கடைசியாகத் தந்தியின் நீளம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும், அதே இடத்தில் அழுத்தி மீட்டும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் பிரிட்ஜில் தந்தி தங்கும் சேடிலை நெக்கிலிருந்து விலகும்படி பின்னுக்கு நகர்த்துங்கள். குறைவாக இருந்தால் முன்னுக்கு.

இப்போது ஆம்ப்ளிஃபயரில் செருகலாம். எஃபெக்ட் எதுவும் இல்லாமல், சுத்தமான ஒலியில் முதலில் கேளுங்கள். 1946-இல் டோக்கியோவில் தொடங்கி 1967-இல் கவாயிடம் சென்ற டெயிஸ்கோவின் 1960-களின் கிட்டார் என்றால், தங்கத் தகடு தெரியும் அதன் பிக்கப்பிலிருந்து மென்மையான, சற்று உள்ளொடுங்கிய, ஆனால் விரல் மாறும்போதெல்லாம் நிறம் மாறும் ஒலி வரும். அழுத்தி வாசித்தால் சீறும். அந்தக் கிட்டார்களின் நெக் பலருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது, ஒலிக்காகப் பொறுத்துக்கொள்கிறேன். ஃபூஜிகென் செய்த இரட்டைச் சுருள் கிட்டார்களில் மேல் சுரங்கள் கண்ணாடிபோல் தெளிந்து, கீழ்ச் சுரங்கள் குழம்பாமல் நிற்கும். இன்றைய அதிக வலுவுள்ள பிக்கப்புக்குப் பழகிய காதுக்கு அது முதலில் வலுவற்றதாகத் தோன்றலாம். வால்யூமை ஏழில் வைத்து, மெல்லிசைக் கச்சேரியில் பாடகருக்குப் பின்னால் கார்டு வாசித்துப் பாருங்கள்; குரலை மூடாமல் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே கேட்கும். 1970-களின் பாடல்களுக்கு வாசிக்கும் குழுவினர் இதைத் தேடுவதற்குக் காரணம் அதுதான்.

ஜப்பானிலிருந்து ஆம்ப்ளிஃபயரையும் பழைய எஃபெக்ட் பெடலின் அடாப்டரையும் சேர்த்து வரவழைத்திருந்தால், அவை 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை என்பதை மறந்துவிட வேண்டாம். நம் வீட்டுப் பிளக்கில் வருவது 230 வோல்ட். தக்க வாட் அளவுள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஒரு நொடி செருகினாலும் புகைதான் மிஞ்சும்.

வெயிலும் மலையும்

சேலத்தில் சித்திரை மாதம் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் போய், இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. வெப்பம் எட்டு, பத்து டிகிரி குறைந்துவிடும்; மழைக்காலம் என்றால் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே இறங்கும் மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும். ஒரே நாளில் இந்த இரண்டையும் பார்க்கும் மரம் அசையாமல் இருக்காது. எந்தப் பக்கம் அசையும் என்பது ஒவ்வொரு கிட்டாருக்கும் வேறுபடும் என்பதால், பொதுவிதியைத் தேடாமல் உங்கள் கிட்டாரை அளந்து அறிந்துகொள்ள வேண்டும்.

மேலே போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். மூடிய பெட்டியிலேயே இரண்டு மூன்று மணி நேரம் அறையில் கிடக்கட்டும். மாலைக் கச்சேரி என்றால் காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள். வழியில் அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது காரை நிழலில் விடுங்கள், டிக்கியில் கிட்டாரை வைக்காதீர்கள். ட்ரஸ் ராடை அன்றே தொட வேண்டாம்; ஒருநாள் தங்கலுக்குச் சுருதியை மட்டும் சரிசெய்துகொண்டால் போதும். வாரக்கணக்கில் மலையிலேயே இருப்பவர்கள் மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, மறுநாள் திரும்ப அளக்கலாம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மழைக்காலத்தில் வையுங்கள்; பங்குனி, சித்திரையில் எடுத்துவிடுங்கள். அந்த மாதங்களில் மரம் காய்ந்து சுருங்க, ஃப்ரெட்டின் உலோகம் சுருங்காமல் ஓரத்தில் நீட்டிக்கொண்டு விரலைக் கீறும். உடனே அரத்தை எடுத்து ராவிவிடாதீர்கள். ஐப்பசி மழையில் மரம் திரும்ப விரியும்போது பெரும்பகுதி தானாக உள்ளே போய்விடும். அதற்குப் பிறகும் நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் ராவினால் போதும்.

திருவிழா மேடை, ஜெனரேட்டர், ஈரத் தரை என்று அமையும் இடங்களில் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் இயங்கும்போது, மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் அளவில் வைத்து, ஒரு கம்பியைக் கிட்டார் தந்தியிலும் மற்றதை மைக்கின் வலையிலும் தொடுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் வாசிக்கலாம். பத்துகளிலோ நூறுகளிலோ எண் ஏறினால், பூமி இணைப்பு இல்லை என்று பொருள். ஒலிபெருக்கிக்காரரை அழைத்து அதைச் சரிசெய்யும்வரை தந்தியில் கை வைத்துக்கொண்டு மைக்கின் அருகே உதட்டைக் கொண்டுபோகாதீர்கள்.

வீடு திரும்பியதும் தந்திகளைத் துடைத்து, மறுநாள் காலையில் ஏழாம் ஃப்ரெட் இடைவெளியை அளந்து, தேதியோடு ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வையுங்கள். ஓராண்டுச் சீட்டு சேர்ந்துவிட்டால், எந்த மாதத்தில் ட்ரஸ் ராடு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அதிலேயே படித்துக்கொள்ளலாம்.